மூன்றாம் ஓலை

திரைக்கதை எழுதச் சொல்லிக்கொடுக்கத்தான் மதுரைக்கு வந்தேன் என்று சொன்னால் அது பாதிப் பொய். அங்கே ஒரு கல்லூரியின் காட்சித் தொடர்பியல் துறையிலிருந்து பேராசிரியர் பாண்டியராஜன் இரண்டு வருடமாக என்னைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். ஐந்து நாள் பட்டறை, இருபத்திரண்டு பிள்ளைகள், தங்குவதற்குக் கல்லூரியிலேயே அறை. ஒவ்வொரு தடவையும் எதையாவது சொல்லித் தட்டிக்கழித்தேன். இந்த ஆவணியில் நானே போன் போட்டு, "சார், அடுத்த செவ்வாயிலேர்ந்து சனி வரைக்கும் வரட்டுமா?" என்று கேட்டேன். மனிதர் காலண்டரைக் கூடப் பார்க்காமல் சரி என்றுவிட்டார்.

சனிக்கிழமை பட்டறை முடியும். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிப் பூசையில் என் மகள் ஷெரினுக்கு மூன்றாம் ஓலை வாசிப்பார்கள். நான் வந்தது அதற்கு.

ஓலை என்றால் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. எங்கள் கத்தோலிக்கக் கோயில்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, பூசை முடிகிற நேரத்தில் சாமியார் மைக்கில் அறிவிப்பார். இன்னார் இன்னாருடைய மகனுக்கும் இன்னார் இன்னாருடைய மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச்சாமியாரிடம் வந்து சொல்லவும். அந்த 'இன்னார் இன்னாருடைய' என்கிற இடத்தில் ஜாய்ஸ் என்கிற என் பெயர் வருமா வராதா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

ஷெரினுக்கு ஏழு வயதாக இருக்கும்போது நான் இதே மதுரையிலிருந்து சென்னைக்குப் போனேன். ஒரு இயக்குநரின் கதைக்குழுவில் இடம் கிடைத்தது. ஆறு மாதம் என்று சொல்லிவிட்டுப் போனேன், பதினேழு வருடமாகிவிட்டது. என் கணவர் மரியராஜ் மிஷன் பள்ளியில் கிளார்க். கோபக்காரர் இல்லை. கோபப்பட்டிருந்தாலாவது சண்டை போட்டுச் சமாதானம் ஆகியிருக்கலாம். அவர் பேசுவதை நிறுத்திக்கொண்டார். கல்யாணம் ஆகாமல் வீட்டோடு இருந்த அவருடைய அக்கா பிலோமினாள் பிள்ளையைப் பார்த்துக்கொண்டார்.

முதலில் மாதம் ஒருமுறை வந்தேன். பிறகு பண்டிகைக்குப் பண்டிகை. ஷெரின் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை அன்று, ஒரு படத்தின் கிளைமாக்ஸ் இடிக்கிறது என்று சாலிகிராமத்தில் ஒரு லாட்ஜ் அறையில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் படம் வெளிவரவே இல்லை. அடுத்த முறை வீட்டுக்குப் போனபோது வெள்ளைக் கவுன் போட்ட பிள்ளையின் போட்டோ சுவரில் தொங்கியது. பக்கத்தில் மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு பிலோமினாள் நின்றார். பிள்ளை என்னிடம் வரவில்லை. அதற்குப் பிறகு நான் போவதும் குறைந்து, ஒரு கட்டத்தில் நின்றே போனது. 'அரசனை நம்பிப் புருசனைக் கைவிட்டவ' என்று சொந்தபந்தம் பேசியது. அந்த அரசன் யார் என்றுதான் இன்றுவரை எனக்கே தெரியவில்லை.

கல்யாணச் செய்தியையே என் சித்தி மகன் டோனி சொல்லித்தான் அறிந்தேன். முதல் ஓலை வாசித்த அன்று மத்தியானம் போன் செய்தான்.

"அக்கா, நம்ம ஷெரினுக்கு இன்னைக்கு ஓலை வாசிச்சிட்டாங்க. மாப்பிள்ளைக்கு திண்டுக்கல்லு. பேங்க்ல வேலையாம்."

"பொண்ணோட அப்பா அம்மா பேரு வாசிப்பாங்கள்ல? என் பேரு வந்துச்சாடா?"

"நான் வெளிய வேப்பமரத்துக்கிட்ட நின்னுக்கிட்டு இருந்தேன்க்கா. உள்ள இருந்து வந்தவங்க சொல்லித்தான் எனக்கே தெரியும்."

எங்கள் கோயில் பங்கில் ஆம்பளைகளுக்குப் பூசை என்பது வேப்பமரத்தடியில் நடப்பது. அடுத்த ஞாயிறு உள்ளே போய் உட்காரவேண்டும் என்று அவனிடம் சத்தியம் வாங்கினேன். அடுத்த ஞாயிறும் போன் செய்து, "வண்டிய எடுக்கச் சொன்னாங்கக்கா, எடுத்து ஓரமா வச்சிட்டு வாரேன், அதுக்குள்ள முடிஞ்சிருச்சு" என்றான். வேறு யாரிடமும் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பெற்றவள், என் பெயரை வாசித்தார்களா என்று ஊரில் விசாரித்தால் சிரிக்க மாட்டார்களா?

பெயர் வாசித்திருந்தால் என்னை இன்னும் தாய் என்று ஒப்புக்கொள்கிறார்கள், கல்யாணத்துக்குப் போகலாம். வாசிக்கவில்லை என்றால் போகக் கூடாது. இப்படி நானே ஒரு தீர்ப்பை எழுதி வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

பட்டறையின் முதல் இரண்டு நாளும் ஒழுங்காகத்தான் போனது. நல்ல பிள்ளைகள். ஆனால் எழுதிய அத்தனை காட்சியிலும் மழை பெய்தது. மதுரையில் வருடத்துக்கு எத்தனை நாள் மழை பெய்கிறது என்று கேட்டுச் சத்தம் போட்டேன். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்திலிருந்து வந்த முத்துக்குமரன், "அதனாலதான் மேம் எழுதியாச்சும் பாத்துக்கிறோம்" என்றான். வகுப்பே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

பலகையில் ஒரே ஒரு கேள்வியை எழுதி, யாரும் அழிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன். இந்தக் காட்சியில் யாருக்கு என்ன வேண்டும்? அதற்குப் பதில் தெரியாமல் பேனாவைத் திறக்காதீர்கள் என்று இரண்டு நாளும் அதையே போட்டு இடித்தேன். ஊருக்கு உபதேசம் செய்வதில் எனக்கு நிகர் நான்தான்.

மூன்றாம் நாள் டிஸ்கஷன். சினிமாவில் கதை எழுதுவது என்றால் அதுதான். நாலைந்து பேர் ஒரு அறையில் உட்கார்ந்துகொண்டு, கதையில் எந்த இடத்தில் முடிச்சு அவிழவில்லையோ அதை நடுவில் போட்டு, ஆளுக்கொரு யோசனையாக எறிவார்கள். அங்கே ஒருத்தன் 'எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு' என்று ஆரம்பித்தால் அது பெரும்பாலும் அவன் அக்காவாகவோ பெண்டாட்டியாகவோ இருக்கும். எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்க மாட்டார்கள். அது அந்த அறையின் மரியாதை.

"எனக்குத் தெரிஞ்ச ஒரு பொம்பள" என்று நான் ஆரம்பித்தேன்.

ஏழு வயதுப் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போனவள். பதினேழு வருடம் கழித்துப் பிள்ளைக்குக் கல்யாணம். அழைப்பு இல்லை. அவள் எப்படி உள்ளே வருவாள்? ஒரே காட்சி, ஆளுக்கொரு யோசனை. சொல்லி முடித்ததும் எனக்குக் காது சுட்டது. படிக்க வந்த பிள்ளைகளிடம் என் வீட்டுப் பஞ்சாயத்தைக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். ஆனால் அவர்கள் எறிந்த ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். அந்த அளவுக்கு எனக்கு அந்த யோசனை தேவைப்பட்டது.

முத்துக்குமரன் எழுந்து நின்றே சொன்னான். "சீர்வரிசையோட இறக்குவோம் மேம். கொட்டு மேளம், நூத்தியொரு தட்டு, முன்னால ரெண்டு கிடா. மண்டபத்து வாசல்ல போய் நின்னா எவன் மேம் நிறுத்துவான்?"

மீனா என்கிற பெண், கல்யாணத்துக்கு முதல் நாள் மகளுக்கு விபத்து நடக்க வேண்டும் என்றாள். ரத்தம் வேண்டும், யாருடையதும் சேரவில்லை, அப்போது ஆஸ்பத்திரி வாசலில் அம்மா. "பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லுன்னு சும்மாவா மேம் சொன்னாங்க?" பிள்ளைக்கு விபத்து வேண்டாம் என்று நான் கொஞ்சம் வேகமாகவே சொல்லிவிட்டேன்.

அதுவரை பேசாமல் இருந்தவள் ரோகிணி. திருவாதவூரிலிருந்து மாட்டுத்தாவணி வந்து, இன்னொரு பஸ் மாறி வருகிறவள். கையைத் தூக்கிவிட்டுக் கேட்டாள்.

"மேம், அந்தப் பொண்ணுக்கு என்ன வேணும்?"

"எந்தப் பொண்ணுக்கு?"

"மகளுக்கு. அம்மாவுக்கு உள்ள வரணும், அது தெரியுது. அம்புட்டுப் பேரும் அதையே பேசிக்கிட்டு இருக்கோம். மகளுக்கு என்ன வேணும்னு யாருமே சொல்லலையே."

"அம்மா வேணும். வேற என்ன வேணும்?"

ரோகிணி உட்காரவில்லை. "எங்கம்மா திருப்பூர்ல கம்பெனி வேலை மேம். நான் ஆறாவது படிக்கும்போது போனாங்க. தீபாவளிக்கு வருவாங்க. வாரப்பல்லாம் எனக்குப் பிடிக்கும்னு தேன்மிட்டாய் வாங்கிட்டு வருவாங்க. இப்ப நான் எம்.ஏ. படிக்கிறேன், இன்னும் தேன்மிட்டாய்தான். ஆறாவது படிச்ச பிள்ளைக்கு வாங்குறாங்க மேம், எனக்கு இல்ல."

யாரோ சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டார்கள். என் அறையில், பெட்டிக்குள், ஷெரினுக்காக வாங்கிய ஒரு கொலுசு இருந்தது. குட்டி மணி கோத்தது. ஏழு வயதில் அவள் அதைப் போட்டுக்கொண்டு வீடெல்லாம் ஓடுவாள். இருபத்துநாலு வயதுப் பெண் மணிக்கொலுசு போடுவாளா மாட்டாளா என்பது எனக்குத் தெரியாது. அது தெரியாது என்பதும் அந்த நிமிடம்வரை எனக்குத் தெரியாது.

மறுநாளுக்கு வேலை கொடுத்தேன். அதே காட்சி, ஆனால் மகள் பக்கமிருந்து. வாசிப்பதற்கு ஒரு முறை உண்டு. எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது, வேறு இருவர் வாசிப்பார்கள், அப்போதுதான் வசனம் நிற்கிறதா விழுகிறதா என்று எழுதியவர் காதுக்குத் தெரியும். ரோகிணியின் தாள் வந்தபோது மகளாக மீனாவை வாசிக்கச் சொன்னாள். "அம்மாவா நீங்க வாசிங்க மேம்" என்றாள். வயசுக்குப் பொருத்தம் என்று நினைத்துக்கொண்டு எழுந்தேன்.

காட்சி சின்னதுதான். மண்டபத்துப் பின்பக்கம், பாத்திரம் கழுவுகிற இடம். மகள் வருகிறாள். அம்மா நிற்கிறாள்.

"எதுக்கு வந்தீங்க?" என்று மீனா வாசித்தாள்.

என் தாளைப் பார்த்தேன். 'அம்மா பதில் சொல்கிறாள்' என்று மட்டும் இருந்தது. வசனம் இல்லை.

"என்ன ரோகிணி, இங்க வசனம் காணோம்?"

"அம்மா என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியல மேம். எழுதி எழுதிப் பாத்தேன், வரல. நீங்களே சொல்லுங்க."

பதினேழு வருடம் அடுத்தவர் வாய்க்கு வசனம் எழுதியவள் நான். அழ வேண்டிய இடத்தில் அழ வைக்கிற வசனம், கைதட்ட வேண்டிய இடத்தில் கைதட்ட வைக்கிற வசனம். எனக்கு வாயில் வந்தது இதுதான்: "உன்னப் பாக்க."

மீனா தாளைப் பார்த்து அடுத்த வரியை வாசித்தாள். "பாத்துட்டீங்கள்ல."

காட்சி அத்தோடு முடிந்திருந்தது. நான் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. முத்துக்குமரன் எழுந்து வந்து தன் தண்ணீர் பாட்டிலை என் மேசையில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தான். பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது என்று தெரிந்தது. நாலு நாளில் அவர்கள் அந்த அறையின் மரியாதையைக் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

சனிக்கிழமை சான்றிதழ் கொடுத்து, போட்டோ எடுத்து, எல்லோரும் கலைந்தபோது ரோகிணி மட்டும் பையை மாட்டிக்கொண்டு என்னிடம் வந்தாள். "போயிட்டு வாரேன் மேம். அந்தக் கதையில அம்மா உள்ள போவாங்களா?"

"நாளைக்குத் தெரிஞ்சிரும்" என்று சொல்லிவிட்டேன். அவள் தலையை ஆட்டினாள், மேலே கேட்கவில்லை.

ஞாயிறு காலை ஷேர் ஆட்டோவில் போனேன். கோரிப்பாளையம் சிக்னலில் வழக்கம்போல நிறுத்திவிட்டார்கள். எட்டு மணிக்கு ஐந்து நிமிடம்தான் இருந்தது. டிரைவரை அவசரப்படுத்தினேன். "பறந்தா போக முடியும்க்கா?" என்றார். நியாயம்தான். பதினேழு வருடம் தாமதமாக வருகிறவளுக்கு ஐந்து நிமிடம் போதவில்லை.

வேப்பமரத்தடியில் டோனி நின்றிருந்தான். என்னைப் பார்த்ததும் செல்போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "இந்தா இப்ப உள்ள போறேன்க்கா" என்றான். நான் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு பெண்கள் பக்கம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். மூன்றாவது வரிசையில் ஷெரின். கழுத்தைப் பார்த்தே கண்டுபிடித்தேன். கூந்தலைத் தூக்கிக் கட்டியிருந்தாள். பக்கத்தில் பிலோமினாள். தலை நரைத்து, தோள் சுருங்கி, பாதியாகியிருந்தார். பூசை முழுக்க நான் ஜெபித்தது ஒரே ஜெபம்தான். என் பெயர் வரட்டும். ஆண்டவரே, ஒரே ஒரு தடவை, மைக்கில், எல்லோர் காதிலும் விழ என் பெயர் வரட்டும்.

நன்மை கொடுத்து முடித்து, சாமியார் தாளை எடுத்தார்.

"மூன்றாம் ஓலை. திண்டுக்கல் பங்கைச் சேர்ந்த சேவியர், ரெஜினா இவர்களின் மகன் ஜூடு என்பவருக்கும், நம் பங்கைச் சேர்ந்த மரியராஜ், ஜாய்ஸ் இவர்களின் மகள் ஷெரின் என்பவருக்கும்..."

வந்துவிட்டது. என் பெயர், என் பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில். சத்தம் போட்டு அழுதுவிடுவேனோ என்று பயந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். அந்தச் சந்தோஷத்தை முழுசாக அனுபவிக்க எனக்கு எவ்வளவு நேரம் கிடைத்தது என்றால், மூன்றாவது வரிசையைப் பார்க்கிற வரைக்கும்.

பிலோமினாள் தலையைக் குனிந்திருந்தார். ஷெரின் அவர் தோளைச் சுற்றிக் கையைப் போட்டு, தன் பக்கம் இழுத்து, நெற்றியோடு நெற்றி வைத்துக்கொண்டிருந்தாள். 'தடை ஏதும் தெரிந்தவர்கள்' என்று சாமியார் வாசித்துக்கொண்டிருந்தார். அவள் கையை எடுக்கவில்லை.

பூசை முடிந்து கூட்டம் கலையும்போது ஷெரின் என்னைப் பார்த்துவிட்டாள். அத்தையை முன்னால் அனுப்பிவிட்டு, என் பெஞ்சருகே வந்து நின்றாள். என்னைவிட உயரம். அது எனக்குத் தெரியாது.

"வாங்க" என்றாள். பெற்றவளை எந்தப் பிள்ளை 'வாங்க' என்று சொல்லும்? சண்டைக்காவது 'நீ எதுக்கு வந்த' என்று கேட்டிருக்கலாம்.

"நல்லா இருக்கியாம்மா?"

"நல்லா இருக்கேன். ஓலை கேட்டீங்களா?"

"கேட்டேன். என் பேரு..."

"அத்த பேர வாசிக்கச் சொல்லித்தான் கேட்டேன்" என்றாள். கோபமில்லாமல், பஸ் ஏன் தாமதம் என்று விளக்குவது போலச் சொன்னாள். "ஞானஸ்நான ரிஜிஸ்டர்ல இருக்கிற பேரத்தான் வாசிக்க முடியும்னுட்டாரு சாமி. கல்யாணத்தன்னைக்குப் பீடத்துல வச்சு சிலுவை போடுறதுக்கும் அம்மா இருந்தா அம்மாவத்தான் கூப்பிடுவாராம். அதுலேர்ந்து அத்த சரியாச் சாப்பிடுறதில்ல. அவங்களா எதுவும் சொல்லல. எனக்குத் தெரியும்."

எங்கள் பங்கில் அது வழக்கம். தாலி கட்டுவதற்கு முன்னால் தாயையும் தகப்பனையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அவர்கள் பிள்ளையின் நெற்றியில் சிலுவை வரைவார்கள். ரிஜிஸ்டரைப் பார்த்து வாசிப்பார்கள் என்கிற சின்ன விஷயம், ஞானஸ்நானம் வாங்கி வளர்ந்த எனக்கு எப்படித் தோன்றாமல் போனது? ஆசை கண்ணை மட்டுமா மறைக்கும்.

"கல்யாணத்துக்கு..." என்று ஆரம்பித்தேன்.

ஷெரின் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். "வந்தா வாங்க" என்று சொல்லிவிட்டு, வாசலில் காத்திருந்த அத்தையிடம் போய்விட்டாள்.

நான் பீடத்துக்குப் பின்னாலிருந்த அறைக்குப் போனேன். சாமியார் பூசை உடுப்பைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார். இளவயதுக்காரர்.

"சாமி, இப்ப வாசிச்ச ஓலை விஷயமா வந்தேன்."

அவர் முகம் மாறிவிட்டது. ஓலை வாசித்த கையோடு யாராவது இப்படி வந்து நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அவசரமாகக் கதவைச் சாத்தினார். "சொல்லுங்கம்மா. என்ன தடை?"

"தடை எதுவும் இல்ல சாமி. நான் பொண்ணோட அம்மா."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை, உட்கார்ந்தால் மனம் மாறிவிடும் என்று பயமாக இருந்தது. கல்யாணத்தன்று சிலுவை போட பிலோமினாளைக் கூப்பிடுங்கள் என்றேன்.

"நீங்க கோயில்ல இருக்கும்போது அவங்களக் கூப்பிட்டா நல்லாவா இருக்கும்?"

"நான் வரல சாமி."

"வரணும்னு ஆசை இல்லையாம்மா?"

"அந்த ஒரு ஆசையோடதான் சாமி மதுரைக்கே வந்தேன்" என்றேன். அவர், "வாய்ல சொன்னதே போதும், நான் பாத்துக்கிறேன்" என்றார். எழுதியே தருகிறேன் என்று தாளும் பேனாவும் வாங்கிக்கொண்டேன்.

முதலில் அரைப் பக்கம் எழுதினேன். ஏன் போனேன், எப்படிப் போனேன் என்றெல்லாம். சாமியாருக்கு அது எதற்கு என்று எல்லாவற்றையும் அடித்தேன். கடைசியில் ஒரு வரி நின்றது. 'என் மகளுக்குச் சிலுவை போட, அவளை வளர்த்த தாய் பிலோமினாளைக் கூப்பிடவும்.' அதையும் ஒருமுறை பார்த்தேன். 'ஷெரினுக்கு' என்று எழுதினாலே சாமியாருக்குப் புரியும். 'என் மகளுக்கு' என்பதன்மேல் பேனாவைக் கொண்டுபோனேன்.

அதை மட்டும் அடிக்கவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.